செத்த குதிரைக்கும் முழு விலை

1999இல் நிப்பா கிருமியைத் தேடி மலேசியாவில் 3,000க்கு மேற்பட்ட குதிரைகளின் இரத்தம் சோதிக்கப்பட்டது. எதிர்ப்பொருள் காணப்பட்டவை 2. இரண்டும் ஈப்போவில் ஒரே லாயத்தில் நின்ற போலோ குதிரைகள். அந்த வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் நோய் இருந்தது. நாட்டளவில் இது 0.07 விழுக்காட்டுக்கும் குறைவு. வகுக்கும் எண்ணை மாற்றினால் விடை மாறுகிறது. அந்த லாயத்தில் 50 குதிரைகள் என்று வைத்தால் 4 விழுக்காடு, 20 என்று வைத்தால் 10 விழுக்காடு. குதிரைக்கு வரும் ஆபத்தை அளக்க நாட்டுச் சராசரி உதவாது. வேலிக்கு அப்பால் என்ன வளர்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இவை தவிர, நரம்புக் கோளாறு கண்ட இன்னொரு குதிரையின் மூளைத் திசுவிலும் அதே கிருமி கண்டறியப்பட்டது. மலேசியாவின் நிப்பாக் கணக்கில் குதிரைக்குரிய வரி அவ்வளவுதான்.

மற்ற வரிகள் நீளமானவை. 1998 செப்டம்பரில் ஈப்போ இருக்கும் கிந்தா வட்டாரத்தில் தொடங்கி 1999 மே வரை மலேசியாவில் நோய் கண்டவர்கள் 265 பேர், இறந்தவர்கள் 105 பேர், அதாவது 39.6 விழுக்காடு. சிங்கப்பூரில் மலேசியப் பன்றிகளை அறுத்த தொழிலாளர்களில் 11 பேருக்கு நோய், 1 மரணம். கிருமி இன்னதென்று தெரிய 1999 மார்ச் ஆயிற்று. சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங். அதற்கு முந்திய 6 மாதச் செலவெல்லாம் ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் பேரில் எழுதப்பட்டது. கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோயோ கொசுவால் பரவியதன்று.

1999 பிப்ரவரி 28 முதல் ஏப்ரல் 26 வரை 896 பண்ணைகளில் 9,01,228 பன்றிகள் அழிக்கப்பட்டன. 58 நாள்; நாளொன்றுக்குச் சராசரி 15,538. அதன் பின் நாடெங்கும் நடந்த சோதனையில் மேலும் 50 பண்ணைகள் சிக்கின. அவற்றில் 1,72,750 பன்றிகள். கூட்டினால் 10,73,978. நோய்க்கு முன் 1,885 ஆக இருந்த பன்றிப் பண்ணைகள் 829 ஆயின, 56 விழுக்காடு சரிவு. பன்றிகளின் எண்ணிக்கை 24 இலட்சத்திலிருந்து 13.2 இலட்சத்துக்கு இறங்கியது, 45 விழுக்காடு. பண்ணைகளின் வீழ்ச்சி பன்றிகளின் வீழ்ச்சியைவிட 11 புள்ளி அதிகம் என்பதால் சிறிய பண்ணைகளே மிகுதியாக மூடின என்று ஊகிக்கலாம். ஊகம்தான்.

இத்தனை பெரிய கேடு 6 மாதம் கண்ணில் படாமல் போனதற்குக் காரணமும் ஓர் எண். நிப்பா கண்ட வளரும் பன்றிகளில் இறந்தவை 5 விழுக்காட்டுக்கும் குறைவு. இருமலும் காய்ச்சலுமாக 100இல் 95 பன்றிகள் தேறிவிட்டால் எந்தப் பண்ணைக்காரரும் அதிகாரியைக் கூப்பிடமாட்டார். இதே குடும்பத்துக் கிருமி குதிரைக்குள் நுழைந்தால் கணக்கு தலைகீழாகிறது. 1994 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ஹெண்ட்ரா என்ற புறநகரின் பந்தய லாயம் ஒன்றில் நோய் கண்டது. மாண்டவையும் கருணைக்கொலை செய்யப்பட்டவையுமாக 14 குதிரைகள் போயின. மனிதர் 2 பேருக்கு நோய். அவர்களில் குதிரைப் பயிற்சியாளர் இறந்தார். ஹெண்ட்ரா கிருமி தொற்றிய குதிரைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பிழைப்பதில்லை. இந்த விகிதத்தில் சாகும் விலங்கு எச்சரிக்கை மணியாகிறது. ஆனால் மணி கேட்கும் தூரத்தில் ஆள் இருக்க வேண்டும், அவருக்கு அது என்ன மணி என்று தெரிந்திருக்கவும் வேண்டும்.

ஹெண்ட்ராவால் இதுவரை நோயுற்ற மனிதர்கள் 7, இறந்தவர்கள் 4. எழுவருக்கும் குதிரையிடமிருந்தே தொற்றியது. கிருமியின் தாயகமான வௌவாலிடமிருந்து நேரடியாக ஒருவருக்கும் தொற்றவில்லை. 1994 முதல் 2010 வரை 17 ஆண்டுகளில் குதிரைகளிடையே 14 நிகழ்வுகள். 2011ஆம் ஆண்டில் மட்டும் 18. அடுத்த ஆண்டு நவம்பரில் குதிரைகளுக்கான தடுப்பூசி வந்தது. முதல் மரணத்துக்கும் முதல் ஊசிக்கும் இடையே 18 ஆண்டுகள்.

மலேசியக் கணக்கில் குதிரை வரி சிறியதாக அமைந்ததற்குக் குதிரையின் உடல்வாகு காரணமன்று என்பதைப் பிலிப்பீன்ஸ் காட்டியது. 2014 மார்ச் முதல் மே வரை மிண்டனாவோ தீவின் சுல்தான் குடாராட் மாநிலத்தில் 17 பேருக்கு நோய், 9 மரணம், 53 விழுக்காடு. அதே காலத்தில் அங்கே 10 குதிரைகள் மாண்டன. நோயாளிகளில் 10 பேர் நோயுற்ற குதிரையை அறுத்தவர்கள் அல்லது அதன் இறைச்சியை உண்டவர்கள். 5 பேர் நோயாளிகளோடு பழகியவர்கள். இது நிப்பா அல்லது அதற்கு மிக நெருங்கிய கிருமி என்பது ஆய்வாளர் முடிவு. மலேசியாவில் 10 இலட்சம் பன்றிகள் இடையில் நின்றன. பிலிப்பீன்ஸில் பன்றி நடுவில் இல்லாமலே கிருமி குதிரையிடமிருந்து கத்தி பிடித்த கைக்கு வந்தது. தள்ளாடிச் செத்த குதிரையை அறுக்கக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் அந்த ஊர்கள் கைக்கொண்டிருந்தால் 17இல் 10 பேர் பட்டியலில் இடம்பெற்றிருக்கமாட்டார்கள். அவர்களிடமிருந்து நோயைப் பெற்றவர்களையும் சேர்த்துக் கழித்தால் மிச்சம் இன்னும் குறையும்.

கிருமியின் தாயகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நிப்பாவுக்குப் பிறகு தீபகற்ப மலேசியாவில் 14 இனங்களைச் சேர்ந்த 324 வௌவால்கள் சோதிக்கப்பட்டன. 5 இனங்களில் 21 வௌவால்களிடம் எதிர்ப்பொருள் இருந்தது, மொத்தத்தில் 6.5 விழுக்காடு. பெரிய பழந்தின்னி வௌவால்களை மட்டும் எடுத்தால், தீவுகளில் வாழும் இனத்தில் 35க்கு 11, அதாவது 31 விழுக்காடு. பெருநிலத்து இனத்தில் 29க்கு 5, அதாவது 17 விழுக்காடு. பெருநிலத்து இனம் சதுப்புநிலக் காடுகளிலும் தங்குவது. பேராக்கின் பாகான் டத்தோ கரையோரத்துக்காரர்களுக்கு அந்தக் காட்டை விளக்க வேண்டியதில்லை. நோய் தொடங்கியதாகக் கருதப்படும் ஈப்போ வட்டாரப் பண்ணையில் 30,000க்கு மேற்பட்ட பன்றிகள் இருந்தன. கொட்டகைகளை ஒட்டி மாமரங்கள். 1970களின் தொடக்கத்திலிருந்து 1990களின் இறுதிக்குள் மலேசியாவில் பன்றி உற்பத்தியும் மாம்பழ உற்பத்தியும் ஏறத்தாழ மும்மடங்காயின. இரண்டும் தனித்தனியே வளர்ந்திருந்தால் இரண்டு நல்ல செய்திகள். ஒரே வேலிக்குள் வளர்ந்ததால்தான் கடித்துப் போட்ட பழம் தொட்டிக்குள் விழுந்தது. குதிரை லாயத்துக்கு இதிலிருந்து கிடைக்கும் விதிக்குச் செலவு கிட்டத்தட்டப் பூச்சியம்: தீவனத் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் பழமரத்தின் கீழ் இருக்கக் கூடாது.

வௌவால் வழி வருவது அரிது. வந்தால் மனிதரையும் சேர்த்து வாங்கும். பூச்சி வழி வரும் ஒரு நோய் மனிதரைத் தொடுவதில்லை, குதிரையை மிச்சம் வைப்பதுமில்லை. ஆப்பிரிக்கக் குதிரை நோயை அகாஸ் என்று மலேசியாவில் சொல்லப்படும் 1 முதல் 2 மில்லிமீட்டர் நீளப் பொடிப்பூச்சி பரப்புகிறது. நுரையீரலைத் தாக்கும் வகையில் 95 விழுக்காடு வரை மரணம். கலப்பு வகையில் 70 விழுக்காடு அளவு. இதயத்தைத் தாக்கும் வகையில் 50 விழுக்காடு அல்லது அதற்கு மேல். கோவேறு கழுதையில் பாதி மாளும், கழுதையில் பத்தில் ஒன்று. 1959 முதல் 1961 வரை மத்திய கிழக்கிலிருந்து இந்தியா வரை பரவிய அலையில் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட குதிரை இன விலங்குகள் மாண்டன.

2020இல் இந்த நோய் நம் வாசலுக்கு வந்தது. பிப்ரவரி இறுதியில் தாய்லாந்தின் நக்கோன் ராட்சசீமா மாநிலத்துப் பாக் சோங் வட்டாரத்தில் தொடங்கியது. சில மாதங்களில் 500க்கு மேற்பட்ட குதிரைகள் மாண்டன. நோய் கண்டவற்றில் இறந்தவை பத்தில் ஒன்பது. செப்டம்பரில் மலேசியா, திரெங்கானுவில் நோய் கண்டதாக உலக விலங்குச் சுகாதார அமைப்புக்கு அறிவித்தது. பாக் சோங்கிலிருந்து திரெங்கானு நேர்க்கோட்டில் 1,000 கிலோமீட்டர் அளவு. காற்றில் ஏறிய பூச்சி நிலத்தின் மேல் 150 கிலோமீட்டர் வரையிலும் கடலின் மேல் 700 கிலோமீட்டர் வரையிலும் போகக்கூடும் என்பது அந்த அமைப்பின் மதிப்பீடு. ஆகவே ஒரே வீச்சில் காற்று கொண்டுவந்திருக்க வாய்ப்பில்லை. குதிரை ஏற்றிய லாரியோ, வழிநெடுகக் கைமாறிய குதிரைகளோ, இடையிடையே காற்றோ, இவற்றின் ஏதோ ஒரு கூட்டுத்தொகை. திரெங்கானுவிலிருந்து பாகான் டத்தோ ஏறத்தாழ 300 கிலோமீட்டர், நடுவில் தித்திவங்சா மலைத்தொடர். பூச்சிக்கு அது இரண்டு மடங்கு தூரம். லாரிக்கு ஒரு பகல்.

95 விழுக்காடு என்ற எண்ணைத் தமிழ் நாட்டுக் கணக்குகளில் 700 ஆண்டுக்கு முன்பே பார்க்கலாம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்குகிறான், அவனுடைய 4 சகோதரர்களும் அவ்வாறே வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். 2,000இல் 1,900 போனால் 95 விழுக்காடு. இந்த ஒற்றுமையை வைத்து அது ஆப்பிரிக்கக் குதிரை நோய்தான் என்று சொல்லிவிட முடியாது. போலோ சொன்ன காரணம் வேறு: குதிரையைப் பேணத் தெரிந்த லாடக்காரர்கள் அங்கே இல்லை, விற்கும் வணிகர்களும் அவர்களை வரவிடுவதில்லை, குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டு விற்பனை. தீனி குறித்து அவர் எழுதியதும் கவனிக்கத்தக்கது: இறைச்சி சேர்த்து வேகவைத்த சோறு. புல்லுக்குப் படைக்கப்பட்ட வயிற்றுக்கு அது நோய்க்கிருமியைவிடக் குறைந்த கேடன்று.

விலையைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தருகிறார். குதிரை ஒன்றுக்கு 220 தினார். பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் தலைவரிடமிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள். அதன் மதிப்பு 3,08,000 தினார். அதற்கு முந்திய தலைமுறையில் பாரசீகத் துறைமுகங்களிலிருந்து மாபார் என்று அவர் சொல்லும் பாண்டிய நாட்டுக்கும் குஜராத்தின் கம்பாயத்துக்கும் சுற்றியுள்ள துறைகளுக்கும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள், 22,00,000 தினார். போலோவின் 5 அரசர்களை 2,000 ஆல் பெருக்கினாலும் 10,000 வருகிறது. இரண்டு பேரும் ஒரே வணிகரிடம் கேட்டிருக்கலாம் என்ற ஐயத்தோடு இந்த ஒற்றுமையை ஏற்கலாம். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓர் அரசனுக்கு ஆண்டு இழப்பு 1,900 குதிரை, 4,18,000 தினார். ஆண்டிறுதியில் உயிரோடு நிற்கும் 100 குதிரைகளின் மேல் முழுச் செலவையும் ஏற்றினால், நிற்கும் குதிரை ஒன்றின் அடக்கவிலை 4,400 தினார். சந்தை விலையைப் போல 20 மடங்கு. ஒரு நல்ல லாடக்காரர் ஆண்டுக்கு 10 குதிரையை மட்டும் காப்பாற்றினாலும் 2,200 தினார் மிச்சம். அவருக்கு 1,000 தினார் கூலி கொடுத்தாலும் கருவூலத்துக்கு இலாபமே. அந்தப் பதவிக்கு ஏன் ஆள் வைக்கவில்லை?

விடை ஒப்பந்தத்தில் இருக்கிறது. வழியில் செத்த குதிரைக்கும் கருவூலம் முழு விலை தர வேண்டும் என்பது வஸ்ஸாஃப் எழுதிய நிபந்தனை. 15ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மனும் அதே வழியில் வாங்கினான் என்று போர்த்துக்கீசியரான நூனிஸ் குறிக்கிறார்: ஹோர்முஸ், ஏடன் குதிரைகள் 3க்கு 1,000 பர்தாவ் நாணயம், கடலில் செத்ததற்கு வாலை மட்டும் கொண்டுவந்தால் போதும், உயிருள்ள குதிரைக்குரிய பணம் கிடைக்கும். ஒரு வாலுக்கு 333 பர்தாவ். இந்த விலைக்கு அரசனின் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. கடல் ஆபத்தைத் தன் தலையில் ஏற்காவிட்டால் எதிரி நாட்டுக்குக் குதிரை போய்விடும். வணிகனின் பக்கத்தில் கணக்கு எளிது: கப்பலில் ஒரு குடம் நன்னீரைக் கூடுதலாக ஏற்றினால் செலவு அவனுடையது, பிழைத்த குதிரையால் கூடுதல் வரவு 0. செலவுக்கு மேல் வரவு இல்லாத பேணலை யாரும் செய்வதில்லை. வஸ்ஸாஃப் குறிப்பின்படி இந்தப் பணம் கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும் கணிகையர் வரியிலிருந்தும் வந்தது. அதாவது கட்டியவர்கள் குதிரையைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட அல்லர்.

தடுப்புக்கு ஆன செலவை முழுதாக எழுதிவைத்த நோய் ஒழிப்புக்குச் சான்று போர்த்துகல். 1989 இலையுதிர் காலத்தில் ஸ்பெயினிலிருந்து ஆப்பிரிக்கக் குதிரை நோய் அங்கே நுழைந்தது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன், 1987இல், நமீபியாவிலிருந்து வந்த வரிக்குதிரைகளோடு அது ஸ்பெயினுக்கு வந்திருந்தது. போர்த்துகலில் 104 பண்ணைகளில் 137 நிகழ்வுகள். இறந்தவையும் அழிக்கப்பட்டவையும் சேர்த்து 206 விலங்குகள். அந்தப் பண்ணைகளில் இருந்தவற்றில் 30 விழுக்காடு. 206இல் குதிரைகள் 81.5 விழுக்காடு, மீதி கோவேறு கழுதைகளும் கழுதைகளும். அக்டோபர் 6ஆம் தேதி தடுப்பூசி தொடங்கி, 1990 பிப்ரவரியில் நாட்டிலிருந்த 1,70,000 குதிரை இன விலங்குகள் அனைத்துக்கும் விரிந்தது. 1991 டிசம்பரில் நாடு நோயற்றதாக அறிவிக்கப்பட்டது. மொத்தச் செலவு 19,55,513 அமெரிக்க டாலர். நாட்டின் விலங்குகள் எல்லாவற்றின் மேலும் பகிர்ந்தால் தலைக்கு 11.50 டாலர். மாண்ட 206இன் மேல் ஏற்றினால் தலைக்கு 9,493 டாலர். முதல் எண்ணைப் படித்தால் மலிவு, இரண்டாவதைப் படித்தால் ஊதாரித்தனம், செலவோ ஒன்றேதான். ஊசி போடாமல் விட்டிருந்தால் 206 எத்தனை ஆயிரமாகியிருக்கும் என்பதே இடையில் விடுபட்ட எண். தடுப்பு வேலையின் கணக்கு எப்போதும் இந்த ஓட்டையோடுதான் எழுதப்படுகிறது.

ஐரோப்பிய விதியில் நோய் கண்ட இடத்தைச் சுற்றி 100 கிலோமீட்டர் பாதுகாப்பு வட்டம், அதற்கு வெளியே மேலும் 50 கிலோமீட்டர் கண்காணிப்பு வட்டம், குறைந்தது 12 மாதம். அது மலேசிய விதியன்று. அளவு விளங்குவதற்காக இங்கே பொருத்திப் பார்க்கலாம். 100 கிலோமீட்டர் ஆர வட்டத்தின் பரப்பு 31,416 சதுர கிலோமீட்டர். பேராக் மாநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 21,000 சதுர கிலோமீட்டர். ஈப்போ லாயம் ஒன்றில் ஒரு குதிரை நோயுற்றால், மாநிலத்தைப் போல ஒன்றரை மடங்கு இடம் வட்டத்துக்குள் வரும். ஈப்போவிலிருந்து பாகான் டத்தோ நேர்க்கோட்டில் 75 கிலோமீட்டர் அளவு. 2017இல் பேராக்கின் 12ஆவது மாவட்டமான இந்தத் தென்னை, செம்பனை நாட்டில் குதிரை வைத்திருப்பவர் ஒருவரே என்றாலும் அவர் வட்டத்தின் உள்ளேதான். ஓராண்டுக்கு அவர் குதிரையை ஏற்றி இறக்க முடியாது.

தோட்டப் பகுதிக்கு இன்னும் நெருக்கமான கேடு சுர்ரா. 1880இல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கானில் கிரிஃபித் எவன்ஸ் இதன் ஒட்டுண்ணியைக் குதிரை இரத்தத்தில் கண்டார். நோய் உண்டாக்கும் டிரிபனோசோம் வகையில் முதலில் கண்டறியப்பட்டது இதுதான். பெரிய கடி ஈக்கள் ஒரு விலங்கின் இரத்தத்தை வாயில் ஒட்டிக்கொண்டு அடுத்த விலங்குக்குக் கடத்துகின்றன. மாடும் எருமையும் பெரும்பாலும் வெளியே தெரியாமல் சுமக்கும். குதிரை மெலிந்து, கால் வீங்கி, இரத்தம் குன்றி, சிகிச்சை இல்லாவிட்டால் சாகும். செம்பனையின் கீழ் மாடு மேய்ப்பது மலேசியத் தோட்டங்களில் வழக்கம். எனவே இங்கே குதிரைக்கு ஆபத்தைக் குதிரைகளின் எண்ணிக்கையை வைத்து அளக்க முடியாது. மாடுகளை எண்ண வேண்டும். நிப்பாவில் பன்றியை எண்ணியதைப் போல.

சுர்ராவின் காய்ச்சல் விட்டுவிட்டு வரும். வாரத்தில் 2 நாள் மட்டும் காய்ச்சல் இருக்கிறது என்று வைப்போம். வாரத்துக்கு ஒரு நாள் வெப்பநிலை பார்ப்பவர் அதைப் பிடிக்க வாய்ப்பு 7இல் 2, அதாவது 29 விழுக்காடு. நாள்தோறும் பார்ப்பவருக்குத் தப்பாது. அமெரிக்காவில், கடி ஈயால் பரவும் இன்னொரு நோயான குதிரைத் தொற்று இரத்தச்சோகைக்கு ஒரு தூரம் விதித்திருக்கிறார்கள்: நோயுள்ள குதிரையை மற்றவற்றிலிருந்து 200 கெஜம், அதாவது 183 மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். பாதிக் கடியில் விரட்டப்பட்ட ஈ அவ்வளவு தூரம் பறந்து இன்னொரு குதிரையைத் தேடாமல் விட்ட இடத்துக்கே திரும்பும் என்பது இதன் அடிப்படை. 183 மீட்டர் ஆர வட்டத்தின் பரப்பு 10.5 ஹெக்டர், தோட்டக் கணக்கில் 26 ஏக்கர். தோட்டத்தில் இது கிடைக்கும். நகரத்துப் பந்தய லாயத்தில் கிடைக்காது.

மனிதக் கையால் பரவும் நோய்க்கு 26 ஏக்கரும் பயன்படாது. 2007 ஆகஸ்டில் தனிமைப்படுத்தும் நிலையத்தைத் தாண்டி ஆஸ்திரேலியாவுக்குள் வந்த குதிரை இன்ஃபுளுவென்சா ஏறத்தாழ 10,000 இடங்களைத் தொட்டது. டிசம்பர் இறுதிக்குள் அடங்கியது. 4 மாதத்தில் சராசரி நாளுக்கு 80 இடங்கள். இறந்த குதிரைகள் மிகச் சில. பந்தயங்கள் நின்றன, குதிரைகள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. கொல்லாத நோயின் செலவும் சிறிதன்று.

இனி ஒரு லாயத்தின் நாள் கணக்கு. 450 கிலோ எடையுள்ள வளர்ந்த குதிரையின் உடல் வெப்பம் 37.2 முதல் 38.3 பாகை செல்சியஸ். நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. நம் வெயிலில் மூச்சின் எண் கூடும், வெப்பமானியின் எண் அவ்வளவாகக் கூடாது. ஆகவே ஐயம் வந்தால் வெப்பமானியை நம்பலாம். தண்ணீர் ஓய்விலிருந்தால் 100 கிலோ எடைக்கு 5 லிட்டர், நாளைக்கு 22.5 லிட்டர், வெயிலும் வேலையும் சேர்ந்தால் இரு மடங்கு. தீனி உலர் எடையில் உடல் எடையின் 2 விழுக்காடு, 9 கிலோ. அதில் பெரும்பகுதி புல்லாக இருக்க வேண்டும். இரைப்பையின் கொள்ளளவு 8 முதல் 15 லிட்டர்தான், குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்றுவலி 100 குதிரைக்கு ஆண்டுக்கு 4 முதல் 10 முறை என்பது பல நாட்டு ஆய்வுகளின் வீச்சு. 10 குதிரை உள்ள லாயத்தில் ஓர் ஆண்டுக்கும் இரண்டரை ஆண்டுக்கும் இடையே ஒரு முறை எதிர்பார்க்கலாம். தொற்றுநோய்களின் பேரெண்கள் எப்படியிருந்தாலும், லாயக்காரர் தன் வாழ்நாளில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

சாணம் நாளைக்கு ஒரு குதிரைக்கு 23 கிலோ. 10 குதிரைக்கு ஆண்டுக்கு 84 டன். ஈரச் சாணமும் சேறும் கலந்த இடம் பொடிப்பூச்சிக்கும் ஈக்கும் பிறப்பிடம். வெப்ப நாடுகளில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள் போதும். வாரம் ஒரு முறை அள்ளினால் முதல் தொகுதி பறக்கத் தொடங்கும் தறுவாயில் இருக்கும். இரண்டு முறை அள்ளினால் எதுவும் முதிராது. செம்பனைக்கும் தென்னைக்கும் எருவாகப் போகும் பொருள் என்பதால் இந்த வரியில் செலவைவிட வரவுக்கு வாய்ப்பு அதிகம்.

வெப்பநிலையைக் காலையும் மாலையும் எடுத்தால் குதிரைக்கு ஆண்டுக்கு 730 பதிவுகள், 10 குதிரைக்கு 7,300. ஒரு பதிவுக்கு 3 நிமிடம் என்றால் 21,900 நிமிடம், அதாவது 365 மணி நேரம். மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 ரிங்கிட். வாரம் 45 மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 8.72 ரிங்கிட். ஆண்டுக்கு 3,182.80 ரிங்கிட். குதிரை ஒன்றுக்கு 318 ரிங்கிட், நாளுக்கு 87 சென். ஆப்பிரிக்கக் குதிரை நோயின் நுரையீரல் வகையில் மூச்சுத்திணறல் தொடங்கினால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் மரணம். அதற்கு ஓரிரு நாள் முன்பே காய்ச்சல் 40 பாகையைத் தாண்டும். அந்த ஓரிரு நாளில் இரண்டு முதல் நான்கு பதிவுகள் விழும். இறப்பதை அவை தடுக்கும் என்று சொல்வதற்கில்லை. பக்கத்துக் குதிரைகளை வலைக்குள் கட்டவும் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லவும், 1948 முதல் ஈப்போவில் இயங்கும் கால்நடை ஆராய்ச்சிக் கழகத்துக்கு இரத்த மாதிரி போகவும் அந்த நேரம் போதும்.

புதிதாக வரும் குதிரைக்கு இந்தக் கணக்கு இன்னும் சிறியது. ஆப்பிரிக்கக் குதிரை நோயின் அடைகாலம் 14 நாள் வரை. 14 நாள் தனியே நிறுத்தி, நாளைக்கு 2 முறை வெப்பநிலை எடுத்தால் 28 பதிவுகள், 84 நிமிடம், 12.21 ரிங்கிட். வலை, தனிக் கொட்டில், தனி வாளி, பரிசோதனைக் கட்டணம் ஆகியவை இதில் சேரா. அவை லாயத்துக்கு லாயம் மாறும். இந்தத் தொகையை விற்பவர் கொடுப்பதா, வாங்குபவர் கொடுப்பதா என்பதைக் குதிரை லாரியில் ஏறும் முன்பே இருவரும் எழுதிக்கொள்வது நல்லது. அந்த 14 நாளுக்குள் குதிரை செத்தால் விலை யாருடையது என்பதையும்.